மறுமொழி: பனிச்சறுக்குச் செயலிகளுக்கான கலைச்சொற்கள் – ‘கண்காணிப்பு’ வேண்டாம், ‘தடப்பதிவு’ கொள்வோம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பனிச்சறுக்கு ஆடுவோர் தங்கள் வேகத்தையும், இறங்கிய உயரத்தையும், சென்ற வழியையும் கைப்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் பதிந்துகொள்ள உதவும் செயலிகளுக்குத் தமிழ் இடைமுகம் அமைப்பது பற்றி இவ்விழையில் இதுவரை வந்த முன்மொழிவுகள் அனைத்தையும் படித்தேன். தண்டையார்பேட்டையில் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடிச் செய்யும் மொழியாக்கப் பணியில் இதே சொற்களோடு மல்லுக்கட்டி வருவதால், எங்கள் முடிவுகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> பனியையே பார்த்திராத வடசென்னைக்கு இந்தச் சொற்களால் என்ன பயன்?

இது நேர்மையான கேள்வி. எங்கள் குழுவில் இருவர் அயல்நாட்டு உடற்பயிற்சிச் செயலிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார்கள். வியாசர்பாடியில் உட்கார்ந்து ஆல்ப்ஸ் மலைச் சரிவின் எண்களைச் சரிபார்க்கும் ஒருவருக்கு, திரையில் உள்ள சொல் எதைக் குறிக்கிறது என்பது தெளிவாக இருந்தால்தான் எண் தவறா சரியா என்று சொல்ல முடியும். இன்னொன்றும் உண்டு. 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரர் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவர் ஆடியது மலைச்சரிவுப் பனிச்சறுக்கு. அந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் நான்கு வரிகளுக்கு மேல் எழுத முயன்றவர்களுக்குச் சொல் பஞ்சம் எவ்வளவு என்பது தெரியும்.

முதலில் விளையாட்டின் பெயர். ‘பனிச்சறுக்கு’ என்பது நாளிதழ்களில் வேரூன்றிவிட்டது. அதை மாற்ற முயல வேண்டியதில்லை. இரு கால்களிலும் தனித்தனிப் பலகை கட்டி ஆடுவதைப் பனிச்சறுக்கு என்றும், இரு கால்களையும் ஒரே அகலப் பலகையில் பொருத்தி ஆடுவதைப் பனிப்பலகைச் சறுக்கு என்றும் பிரித்துக்கொள்ளலாம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கிலிருந்து பின்னது தனிப் போட்டியாகவே நடப்பதால் இப்பிரிவு தேவையானதுதான். ஆனால் ‘சறுக்கல்’ என்ற வடிவத்தை எங்கும் கையாள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பழகிய காதுக்கு, ‘சறுக்கல் பதிவு’ என்பது ஒருவர் வாழ்க்கையில் கண்ட தோல்விகளின் பட்டியலாகத்தான் கேட்கும். ‘சறுக்கு’ என்பதிலோ அந்தக் கசப்பு இல்லை. பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் சறுக்குமரத்தின் மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

> செயலியின் முதன்மைப் பெயர்: ‘பனிச்சறுக்குச் செயல்திறன் கண்காணிப்பு’

இந்த முன்மொழிவில் இரண்டு சொற்களை நான் மறுக்கிறேன். கண்காணிப்பு என்பது ஒருவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பது. எங்கள் தெருமுனையில் கேமரா கம்பத்தின் கீழ் எழுதியிருக்கும் சொல் அது. காவல் நிலையத்தின் சொல், தேர்வறையின் சொல். தன் சட்டைப்பையில் உள்ள கருவியில் தன் விருப்பத்தோடு தன் வழியைக் குறித்துக்கொள்பவர் எவருடைய கண்காணிப்பிலும் இல்லை. ‘பின்தொடர்தல்’ இதைவிடவும் அச்சமூட்டுகிறது. ‘தடம்’ என்ற சொல்லோ நம்மிடம் காலடித்தடமாகவும், பேருந்தின் வழித்தடமாகவும் உயிரோடு இருக்கிறது. பனியில் பலகை விட்டுச்செல்வதும் உண்மையிலேயே ஒரு தடம். ஆகவே ‘தடப்பதிவு’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லழகுக்காக அன்று. ஓட்டத்தையும் மிதிவண்டிப் பயணத்தையும் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்களின் தடங்களைத் திரட்டி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், தொலைதூரப் படைத்தளங்களில் ஓடிப் பயிற்சி செய்த வீரர்களின் பாதைகளும் வெளிச்சமிட்டுத் தெரிந்தன என்பதை 2018 சனவரியில் உலகமே கண்டது. பதிவு செய்தவர் ஒருவர், அதைப் பார்த்தவர் வேறொருவர். தன் தடத்தைப் பயிற்சியாளரோடோ உறவினரோடோ நேரடியாகப் பகிரும் வசதியைத் திரையில் குறிக்கும்போது மட்டும் ‘கண்காணிக்க அனுமதி’ என்று எழுதினால், அந்தப் பொத்தானை அழுத்துபவர் தாம் எதற்கு இசைகிறோம் என்பதை அறிந்தே அழுத்துவார். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடும்.

அடுத்து ‘செயல்திறன்’. இதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. கருவி அளப்பது எதை? கைப்பேசிக்குள் இருக்கும் செயற்கைக்கோள் அலைவாங்கி, வானம் திறந்திருக்கும் இடத்தில் சில மீட்டர் பிழைக்குள் இருப்பிடத்தைச் சொல்கிறது. அழுத்தமானி காற்றழுத்தத்தை அளக்கிறது. முடுக்கமானி மூன்று திசைகளில் முடுக்கத்தையும் (வேகம் மாறும் விரைவையும்), சுழல்மானி திரும்பும் விரைவையும் அளக்கின்றன. மற்றவை எல்லாம் இவற்றிலிருந்து கணிக்கப்பட்டவை. இவற்றில் எதுவும் திறன் இல்லை. செங்குத்தான சரிவில் கட்டுப்பாடின்றிப் பாய்ந்து இறங்குபவருக்கு அதிக வேகமும், அதே சரிவில் விளிம்பை ஊன்றி அழகாக வளைந்து வளைந்து இறங்குபவருக்குக் குறைந்த வேகமும் பதிவாகும். எவர் திறமையானவர் என்பதைச் சரிவின் கீழே நின்று பார்க்கும் எவரும் சொல்லிவிடுவார். எங்கள் பகுதியில் கால்பந்தும் கேரமும் குத்துச்சண்டையும் ஊறிப்போனவை. மைதானத்தில் எவ்வளவு தூரம் ஓடினான் என்பதை வைத்து ஒருவனுடைய ஆட்டத்தை இங்கே யாரும் மதிப்பிடுவதில்லை. ஆகவே செயலியின் பெயர் ‘சறுக்குத் தடப்பதிவு’ என்ற அளவில் நிற்கட்டும். காலணிக்குள் அழுத்த உணரியும் இயக்க உணரியும் வைத்து, பலகை எத்தனை பாகை சாய்ந்தது, எடை எந்தப் பாதத்தில் விழுந்தது என்று ஆராய்ந்து திருத்தம் சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன; அவற்றுக்கு மட்டும் ‘சறுக்குத்திறன் மதிப்பீடு’ என்று வழங்குவது நியாயமாக இருக்கும்.

இனி இழையில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட சொல்லுக்கு வருகிறேன். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு உயரம் இறங்கினோம் என்பதே பனிச்சறுக்குக்காரர்கள் மாலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் எண். ஆங்கிலத்தில் அதை ‘வெர்டிகல்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து ‘செங்குத்து’ என்று இட்ட முன்மொழிவை ஏற்க இயலாது. செங்குத்து என்பது நமக்குத் திசையைக் குறிக்குமே தவிர அளவைக் குறிக்காது. ‘உயர இழப்பு’ என்பதில் எதையோ பறிகொடுத்த தொனி வருகிறது. வெறும் ‘இறக்கம்’ என்றால் விலைவாசியின் ஏற்ற இறக்கம் நினைவுக்கு வந்தாலும், அச்சொல்லை நான் வேறு ஒன்றுக்காக எடுத்துவைத்திருக்கிறேன்.

நாங்கள் முன்வைப்பது ‘இறங்குயரம்’. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. இறங்கிய உயரம், இறங்குகின்ற உயரம், இறங்கும் உயரம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஆகவே நேற்றைய கணக்குக்கும், ஓடிக்கொண்டிருக்கும் திரைக்கும், நாளைய இலக்குக்கும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தின் சிறு முகப்பிலும் ஒரே வரியில் அடங்கும். இதன் இணையான ‘ஏறுயரம்’, வெள்ளியங்கிரி ஏறுபவருக்கும் மிதிவண்டியில் ஏற்காடு போகிறவருக்கும் இன்றே பயன்படும்.

ஆனால் இச்சொல்லோடு ஒரு வரையறையும் சேர்ந்தே போக வேண்டும். 400 மீட்டர் உயரமுள்ள சரிவில் ஒருவர் பத்து முறை இறங்கினால் இறங்குயரம் 4,000 மீட்டர். சரிவின் உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ளது 400 மீட்டர்தான். பின்னதை ‘உயர வேறுபாடு’ என்று தனியே குறிக்க வேண்டும். காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கில் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலும், கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திலும் இருப்பதால் அங்கே உயர வேறுபாடு சுமார் 1,300 மீட்டர் என்று எழுதலாம். இறங்குயரம் இவ்வளவு என்று இடத்தைப் பற்றி எழுதவே முடியாது, ஏனெனில் அது ஆளுக்கும் நாளுக்கும் உரிய எண்.

இந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சோதகர்களும் மொழியாக்கம் செய்வோரும் அறிந்திருப்பது நல்லது. செயற்கைக்கோளிலிருந்து பெறும் உயரத்தில் பிழை அதிகம் என்பதால், அழுத்தமானி உள்ள கருவிகள் காற்றழுத்த மாற்றத்தையே பெரிதும் நம்புகின்றன. நம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. இராயபுரத்தில் மூன்று மாடி ஏறி எவரும் இதைத் தம் கைப்பேசியில் பார்க்கலாம். 4,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 12 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேலும், வானிலை மாறினால் நின்ற இடத்திலேயே அழுத்தம் மாறும். ஒவ்வொரு சிறு நடுக்கத்தையும் இறக்கமென்று கூட்டிக்கொண்டே போனால் எண் வீங்கிவிடும் என்பதால், குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த மாற்றங்களைச் செயலிகள் தள்ளிவிடுகின்றன. அந்த அளவு செயலிக்குச் செயலி வேறுபடும். ஒரே மலையில் ஒன்றாக இறங்கிய இருவருக்கு இரு வேறு இறங்குயரம் காட்டினால் அது கருவியின் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இதனால்தான் திரையில் ‘அளந்தவை’, ‘கணித்தவை’ என்று இரு தலைப்புகள் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

ஒருமுறை மேலிருந்து கீழே வருவதற்கு ‘ஓட்டம்’ என்பது கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது ‘நடை’. தண்ணீர் லாரியும் மணல் வண்டியும் எத்தனை நடை போயின என்று கேட்கும் அந்த நடை. ஆனால் அதே கடிகாரத்தில் காலடிகளை எண்ணும் திரைக்கும் நடை என்றே பெயர் இருப்பதால் குழப்பம் வரும். ஆகவே எடுத்துவைத்த ‘இறக்கம்’ இங்கே வருகிறது: இன்று ஏழு இறக்கங்கள். மேலே கொண்டுசெல்லும் கம்பிவடப் பயணத்துக்கு, பழனியில் எல்லோரும் சொல்லும் ‘ரோப்கார்’ போதும். சீரான வேகத்தில் நேர்கோட்டில் உயரம் கூடினால் ரோப்கார் என்றும், வளைந்து உயரம் குறைந்தால் இறக்கம் என்றும் செயலி தானே பிரித்துக்கொள்கிறது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ‘அதிகபட்ச வேகம்’ என்பதைவிட ‘உச்ச வேகம்’ சிறியது, தெளிவானது. வழக்கமாகக் கைப்பேசி நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தைக் குறிக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 20 மீட்டர் கடந்துவிடும். போட்டிகளிலோ நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறார்கள். அதே வேகத்தில் அது 20 சென்டிமீட்டர். 2023இல் பிரான்ஸின் பனிச்சறுக்கு வீரர் சிமோன் பில்லி நிறுவிய மணிக்கு 255.5 கிலோமீட்டர் என்ற சாதனைகூட, 100 மீட்டர் நீளப் பகுதியில் ஒளிக்கதிர் வாயில்களால் அளந்த சராசரிதான். ஆகவே கைப்பேசி காட்டும் உச்ச வேகமும் கணித்தவை என்ற தலைப்பின் கீழேயே வரட்டும்.

> ‘அந்தரநேரம்’ வேண்டாம். எங்கள் பேச்சில் அந்தரம் என்றால் பதற்றம், அவசரம்.

டொரன்டோவிலிருந்து வந்த இந்த மடல் எங்கள் குழுவில் நீண்ட நேரம் பேசப்பட்டது. மேட்டிலிருந்து துள்ளிப் பலகை பனியைத் தொடாமல் இருக்கும் நேரத்துக்கு ‘அந்தரநேரம்’ என்று எங்களில் பலர் விரும்பினார்கள். காசிமேட்டுக் கடற்கரையில் பிள்ளைகள் அந்தர்பல்டி அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தானாக வரும் சொல். ஆனால் தமிழ் பேசுவோரில் உண்மையில் பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் ஈழத்தமிழர்கள். உதவிக்கு அழைக்கும் பொத்தானும் உள்ள செயலியில், அவசரம் என்று பொருள்படக்கூடிய ஒரு சொல்லை விளையாட்டுத் துள்ளலுக்கு வைப்பது சரியன்று. மலைமேல் அந்தக் குழப்பம் ஒருவருக்குக்கூட வரக் கூடாது.

மாற்றாக ‘தரைநீங்கு நேரம்’ என்பதை முன்வைக்கிறோம். அசையாமல் வைத்திருக்கும் முடுக்கமானி 9.8 மீ/நொடி² என்ற புவியீர்ப்பு முடுக்கத்தைக் காட்டும்; தாங்கும் தரை நீங்கிய கணத்தில் அது ஏறக்குறைய சுழியத்துக்கு விழுந்து, இறங்கியவுடன் திடீரென எகிறும். இந்த இரண்டு கணங்களுக்கு இடையிலுள்ள நேரத்தைத்தான் கருவி அறிகிறது. பறந்த உயரத்தை அது அறிவதில்லை. கிளம்பிய மட்டத்திலேயே இறங்கினால், மொத்தம் ஒரு நொடி தரை நீங்கியிருந்தவர் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம் எழும்பினார் என்று கணக்கிடலாம். சரிவில் எப்போதும் கீழே போய் இறங்குவதால் அக்கணக்கு அங்கே பொருந்தாது. ‘பறப்பு நேரம்’ விமானிகளுடையது. ‘தரைநீங்கு நேரம்’ உணரி கண்டதை மட்டும் சொல்கிறது.

கடைசியாக, குளிரில் மின்கலம் சோர்ந்து கருவி அணைவதற்குமுன் வரும் அறிவிப்பு. ஐஃபோனுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. பனிமலையில் அதற்குக் கீழே போவது இயல்பு. ‘மின்கலம் குளிர்ந்துள்ளது, உடலோடு ஒட்டி வைக்கவும்’ என்ற முழு வாக்கியத்தையே இட்டிருக்கிறோம். கையுறை போட்ட கையோடு அவசரமாகப் படிப்பவருக்குக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

விளிம்புத் திருப்பம் (பலகையின் விளிம்பை ஊன்றித் திரும்புவது), சுழற்சிப் பாகை (துள்ளும்போது எத்தனை பாகை சுழன்றார் என்பது), இடக்கால் முன்நிலை (பனிப்பலகையில் இடக்காலை முன்வைத்து நிற்பது) ஆகிய மூன்றில் எங்களுக்குள் கருத்தொற்றுமை இல்லை. பனிப்பலகையில் நின்று பழகிய நண்பர்கள், குறிப்பாகக் கனடாவிலும் நார்வேயிலும் இருப்பவர்கள், தங்கள் பிள்ளைகளோடு பேசும்போது எந்தச் சொல் வாயில் வருகிறது என்பதை அப்படியே எழுதி அனுப்பினால், வரும் ஞாயிற்றுக்கிழமை அமர்வில் அவற்றை வைத்துப் பேசிப் பட்டியலை இங்கே இடுகிறோம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை மொழியாக்கக் குழுவுக்காக