வயிற்றுக் கோளாறும் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையும்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கடையம் பக்கம், பீடி சுற்றுபவர்:

மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற எங்களுக்கு நெஞ்செரிச்சல் ஒரு நோயாகவே தெரியாது. மெடிக்கல் அண்ணாச்சியிடம் சொன்னால் ரோஸ் கலர் மருந்து பாட்டிலை எடுத்து நீட்டுவார். எச்.ஐ.வி.க்காக நான் ராத்திரி டி.எல்.டி. என்கிற கூட்டு மாத்திரை போடுவது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியக் கூடாது என்றுதானே இருக்கிறேன்.

வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கிற வைரஸின் அளவு) ஏறியிருந்தபோது ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகர் அக்கா, "இதுபோக வேற என்னமும் சாப்பிடுதியாம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் பிடிபட்டது. அந்த ரோஸ் மருந்தில் இருக்கிற மெக்னீசியமும் அலுமினியமும் மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து மருந்தைக் குடிக்கலாம். மருந்தை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம் பக்கம்:

எங்க அத்தானுக்கு வந்தது வேறு மாதிரி. சொந்தக்காரர்கள் வந்து தங்கியிருந்த நேரத்தில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்தவர், அப்புறம் எடுக்கவே இல்லை. சில மாதத்தில் வயிற்றால் போக ஆரம்பித்தது. தண்ணீர் மாதிரிப் போகும், நிற்கும், மறுபடி போகும். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். ஊரில் குடலேற்றம் என்றார்கள், ஒரு பாட்டி வந்து வயிறு தடவிவிட்டார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மலப் பரிசோதனை செய்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அத்தானும் எச்.ஐ.வி. பற்றி அங்கே வாயைத் திறக்கவில்லை.

பிறகு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எதிர்ப்பு சக்தியைக் காட்டுகிற சி.டி.4 அணுக்கள் நூறுக்கும் கீழே. மலத்தைத் தனிச் சாயம் போட்டுப் பார்த்ததில் ஐசோஸ்போரா என்கிற ஒட்டுண்ணி தெரிந்தது. சாதாரணப் பரிசோதனையில் இது எளிதில் தப்பிவிடுமாம், சந்தேகப்பட்டுத் தேடினால்தான் சிக்கும். கோட்ரிமாக்சசோல் மாத்திரை கொடுத்தார்கள், சில நாளில் போக்கு நின்றது. ஏ.ஆர்.டி.யையும் மறுபடி தொடங்கினார்கள். சி.டி.4 ஏறுகிற வரைக்கும் கோட்ரிமாக்சசோலை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்ப வரும் என்றார் டாக்டர்.

கிரிப்டோஸ்போரிடியம் என்று இன்னொன்று இருக்கிறதாம். அது குளோரினுக்கும் சாகாது, கொதிக்க வைத்தால்தான் சாகும். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். "தாமிரபரணித் தண்ணியக் கொதிக்க வைக்கணுமா?" என்று சண்டைக்கு வருவார்கள். ஆற்றின் மேல் எங்களுக்கு அவ்வளவு பெருமை. அக்கா இப்போது அத்தானுக்கு மட்டும் தனிக் குடத்தில் ஆற வைத்து ஊற்றுகிறாள்.

வள்ளியூர்:

எனக்கு வயிறு இல்லை, தொண்டை. கல்யாண வீட்டில் சொதிச் சோறு இறங்கவில்லை, நெஞ்சுக்குள் முள் குத்துகிற வலி. நாக்கில் வெள்ளை படிந்திருந்ததைப் பார்த்ததுமே உணவுக் குழாயிலும் பூஞ்சை என்று சொல்லிவிட்டார்கள். ஃப்ளுகனசோல் போட்டதும் சில நாளில் சோறு இறங்கியது.

பாளையங்கோட்டை, முன்பு நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) வேலை பார்த்தவர்:

அம்பாசமுத்திரம் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வயிற்று வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு மூன்றும் சேர்ந்தால் வயிற்று டி.பி.யா என்றும் பார்க்க வேண்டும். டி.பி. நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லை. லோபினாவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையாலேயே வயிறு இளகும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மையத்தில் சொல்லுங்கள், மாற்ற வழி உண்டு.

வெளி டாக்டரிடம் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு: 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் கண்டவரிடம் சொல்ல முடியாது. மெடிக்கலில் அதையும் சொல்ல வேண்டியதில்லை. "டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறேன்" என்றால் விஷயம் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும் என்பதால், வாங்குவதற்கு முன் மையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடையம் பக்கம், பீடி சுற்றுபவர்:

சரிக்கா. நர்ஸம்மா தருகிற இரும்புச்சத்து மாத்திரைக்கும் அந்த 6 மணி நேரக் கணக்குதானா?

பாளையங்கோட்டை:

வெறும் வயிற்றில் என்றால் அதே கணக்குதான். சாப்பாட்டோடு என்றால் இரும்பு, கால்சியம் இரண்டையும் டி.எல்.டி.யோடு சேர்த்தே போடலாம். ரோஸ் மருந்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.