கதையில் வந்தியத்தேவன், வீட்டுக்குச் சேந்தன் அமுதனா?

வாடகைநூலகம்_திருச்சி:

திருச்சியில் ஒரு சின்ன வாடகை நூலகம் நடத்துகிறேன். புத்தக விலையில் 10 சதவீதம் வாடகை, ஒரு வாரம் கெடு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். படித்ததையே மறுபடி எடுத்துப் போய்விடக் கூடாதென்று, உள்ளே ஏதாவது ஒரு பக்கத்து மூலையில் ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைப்பார்கள். ஒருவர் நட்சத்திரம், ஒருவர் இனிஷியல், ஒருவர் குட்டியாக ஒரு பூ. நான் கண்டுகொள்வதில்லை. அதைப் பார்த்தால்தானே யாருக்கு எப்படிப்பட்ட கதாநாயகனைப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரிகிறது!

விஷயத்துக்கு வருகிறேன். ஹீரோ கோபக்காரன், பணக்காரன், முதல் பாதி முழுக்க நாயகியைச் சந்தேகப்பட்டு வார்த்தையால் கொல்பவன் என்றால் அந்த நாவலில் மூலையெல்லாம் அடையாளம்தான். அட்டை கிழிந்து நான் திரும்பத் திரும்ப பைண்டிங்குக்குக் கொடுப்பதும் அவற்றைத்தான். ஹீரோ சாது, சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவான், மாமியாருக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பான் என்றால், "அக்கா, ஹீரோ சப்புன்னு இருக்கான்" என்று மறுநாளே திரும்பி வந்துவிடும். அப்படிச் சொன்ன அதே அம்மா, மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், "பையன் தங்கமா இருக்கணும், கோபமே வரக் கூடாது" என்கிறார்.

எல்லோரும் படித்த ஒன்றை வைத்துப் பேசலாம். கல்கியின் பொன்னியின் செல்வன், 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த சோழர் காலத்துக் கதை. காதலிக்கிற ஆண்களில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அதில் இருக்கிறது. வாயாடி வந்தியத்தேவன், உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருக்கும் ஆதித்த கரிகாலன், குறை சொல்ல இடமே தராத அருள்மொழி, தஞ்சையில் நந்தவனம் வைத்துக் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன், தள்ளாத வயதில் இளம் மனைவி நந்தினியிடம் சொக்கிப்போன பெரிய பழுவேட்டரையர். யாரைப் பிடிக்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வந்தியத்தேவன். அடுத்தது, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, கரிகாலன். அமுதன் பெயரை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

மாப்பிள்ளையாக வேண்டும் என்கிற ஆளைக் கதையில் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறோம்? சும்மா "கற்பனைதானே" என்று சொல்லித் தப்பிக்காமல் பதில் சொல்லுங்கள்.

நைட்_ட்யூட்டி:

அக்கா, நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் ட்யூட்டி. விடியற்காலை மூன்று மணிக்கு வார்டு அடங்கியதும் நான் படிப்பது நீங்கள் சொல்கிற அந்தக் கோபக்கார ஹீரோ கதைதான். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் கோபத்துக்காகப் படிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவன் மன்னிப்புக் கேட்கிற அத்தியாயத்துக்காகப் படிக்கிறேன்.

பகலெல்லாம் டாக்டர் கத்துவார், நோயாளியோடு வந்தவர்கள் கத்துவார்கள். ஒருத்தரும் திரும்பி வந்து "நான் பேசினது தப்பும்மா" என்று சொன்னதில்லை. கதையில் அவன் சொல்கிறான். எவ்வளவு திமிரோடு ஆரம்பித்தானோ அவ்வளவு கீழே இறங்கி வர வேண்டும். அதுதான் எனக்குக் கணக்கு. அதனால்தான் நம் மாத நாவல்கள் பலவற்றின் மேல் எனக்குக் கோபம். நூற்றைம்பது பக்கம் அவளை அழவைத்துவிட்டு, கடைசி ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வைர நெக்லஸைக் கழுத்தில் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் நாயகன் டார்சியைப் பாருங்கள். முதல் தடவை பெண் கேட்கும்போதே, உன் குடும்பம் என் தகுதிக்குக் குறைவு என்று சொல்லிக்கொண்டே கேட்கிறான். நாயகி எலிசபெத் முகத்துக்கு நேரே முடியாது என்கிறாள். அதற்கப்புறம் அவள் தங்கை ஒரு அயோக்கியனோடு ஓடிப்போகிறாள். டார்சி லண்டனில் தேடிப் பிடித்து, அந்த ஆளின் கடனை அடைத்துக் கல்யாணத்தையும் முடித்துவைக்கிறான். அதை எலிசபெத்திடம் சொல்லக் கூடாது என்று வேறு பார்த்துக்கொள்கிறான். மன்னிப்பு என்றால் அது. செலவு செய்தான், அலைந்தான், தனக்குப் பிடிக்காத ஆளிடம் போய்ப் பேசினான், நல்ல பேரும் வாங்கிக்கொள்ளவில்லை.

கரிகாலன் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். பாண்டிய மன்னன் வீரபாண்டியனை விட்டுவிடு என்று, தான் காதலித்த நந்தினியே கெஞ்சக் கெஞ்ச வெட்டினான். மாமல்லபுரத்தில் உட்கார்ந்து நண்பன் பார்த்திபேந்திரனிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மருகுகிறான். மருகினால் ஆயிற்றா? அவள் இழந்ததைப் பற்றி அவன் யோசித்த நேரத்தைவிடத் தன் வேதனையைப் பற்றி யோசித்த நேரம் அதிகம்.

கடல்காற்று:

ஒரு ஆண் குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும் (நெக்லஸ் கையில் இல்லை). நாங்களும் காதல் கதை படிக்கிறோம், அட்டையில் கப்பல் இருந்தால் சரித்திர நாவல் என்று சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். சாண்டில்யனின் கடல் புறாவில் நாயகன் இளையபல்லவனுக்குக் காஞ்சனாதேவியும் உண்டு, மஞ்சளழகியும் உண்டு. கடற்போரும் ஜெயிப்பான். கல்லூரியில் படிக்கும்போது இதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. இப்போது மனைவி பக்கத்தில் இருப்பதால் மேலே எழுதவில்லை.

அரிசிலாறு:

வந்தியத்தேவனுக்காக நான் பேசுகிறேன். அவனை எல்லோரும் வீரன் வீரன் என்கிறார்கள். உண்மையில் அவன் பண்ணுகிறதில் பாதி சொதப்பல். ரகசிய ஓலை கொண்டுபோகிறவன் வழியெல்லாம் வம்பு பேசிக்கொண்டு போகிறான். அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று முதலை மேல் வேலை எறிகிறான், அது உயிரில்லாத முதலை! சோழ இளவரசி குந்தவையின் தோழிகள் சிரிக்கிறார்கள். சுரங்கப் பாதையில் குத்துப்பட்டுக் கிடந்த நண்பன் கந்தமாறனைத் தூக்கி வந்து காப்பாற்றினால், குத்தியதே இவன்தான் என்று கந்தமாறன் சொல்லித் திரிகிறான்.

ஆனால் அசடு வழிந்த பிறகு அவன் யார் மேலும் எரிந்து விழுவதில்லை. வாணர் குலம் என்று பெயர்தான், ஆள ஒரு காணி நிலம் கிடையாது. அதற்காகத் தாழ்வு மனப்பான்மையும் இல்லை. குந்தவை இலங்கைக்குப் போ என்றால் போகிறான். படகுக்காரப் பெண் பூங்குழலி படகு வலிக்கிறாள், இவன் உட்கார்ந்து வருகிறான். தன்னைவிடப் புத்திசாலியான ஒரு பெண்ணுக்கு முன்னால் நிற்கும்போது அவன் ஆண்மைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நான் ஐ.டி.யில் ஒரு டீமுக்குத் தலைமை தாங்குகிறேன். இந்தக் குணம் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

பொய் சொல்வான், அதை ஒத்துக்கொள்கிறேன். பார்க்கிற பெண்களிடமெல்லாம் கொஞ்சம் வழிவான். தன்னை விரும்பிய கந்தமாறனின் தங்கை மணிமேகலை விஷயத்தில் எனக்கே அவன் மேல் வருத்தம் உண்டு.

வாடகைநூலகம்_திருச்சி:

நைட் ட்யூட்டி தங்கச்சி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று கடையில் அந்த அடையாளம் போட்ட நாவல்கள் சிலவற்றைப் புரட்டினேன். நெக்லஸ் கதைகளைவிட, அவன் நாலைந்து அத்தியாயம் அவள் பின்னால் அலைகிற கதைகளில்தான் பூவும் நட்சத்திரமும் அதிகம். அரிசிலாறு, உங்கள் கட்சிதான் நானும். ஆனால் அமுதனை யாரும் தொடவே இல்லையே?

தபால்கார_தாத்தா:

அம்மா, கும்பகோணத்தில் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அமுதன் மேல் குற்றம் இல்லை. கதை எழுதுகிறவர்கள் அவனுக்கு வேலை கொடுப்பதில்லை. கோபக்காரனுக்குத் தடை அவனுக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே கதை தானாக ஓடும். நல்லவனுக்குத் தடை வெளியில் இருந்து வர வேண்டும். அதை யோசிக்க ஆசிரியர் மெனக்கெட வேண்டும்.

அமுதனுக்குத் தன் மாமன் மகள் பூங்குழலி மேல் ஆசை. அவளோ இளவரசர் அருள்மொழியை நினைத்துக் கடலைப் பார்த்துப் பாடுகிறவள், கோடிக்கரைச் சதுப்பில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி இவர்கள்தான் என் காதலர்கள் என்று சொல்கிறவள். அப்பேர்ப்பட்ட பெண்ணை ஒரு பூக்கட்டுகிறவன் எப்படிக் காத்திருந்து அடைந்தான் என்பதே தனி நாவலுக்கு ஆகும். நமக்கு அதில் சில காட்சிகள்தான் கிடைக்கின்றன. கடைசியில் அவன் தலையிலும் சோழ மகுடத்தை வைத்துத்தான் கல்கி அனுப்புகிறார். வெறும் நந்தவனத்தோடு அனுப்ப அவருக்கும் தைரியம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மெனக்கெட்டவரும் எங்கள் ஊர்க் கதையில் உண்டு. தி. ஜானகிராமனின் மோக முள் நாவலில் வரும் பாபு கத்துகிறவன் இல்லை, பணக்காரன் இல்லை, சங்கீதம் கற்கிற பையன். யமுனா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அவன் மனசைச் சொன்னதும் முடியாது என்றுவிடுகிறாள். வருஷக்கணக்காக அந்த ஆசையைச் சுமந்துகொண்டு திரிகிறான். அவனைச் சப்பென்று இருக்கிறான் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

வாடகைநூலகம்_திருச்சி:

ஐயா, அப்படியென்றால் குற்றவாளி வாசகி இல்லை, ஆசிரியர்! இதைக் கடையில் சொன்னால் பாதிப் பேர் நிம்மதி அடைவார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பெரிய பழுவேட்டரையரை இங்கேயும் விட்டுவிட்டீர்கள். உடம்பில் 64 போர்க் காயங்கள், அறுபது தாண்டிய வயது, நந்தினி சொன்னதெல்லாம் வேதம். ஊரே பின்னால் சிரிக்கிறது, தம்பியே எச்சரிக்கிறார், கேட்கவில்லை. பொன்னியின் செல்வன் எடுக்க வரும் வயதான ஆண்கள் சிலர் அவரைப் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இளம்பெண்கள் அவரைக் கோமாளி என்கிறார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை, ஆனால் ஐந்து பாகத்தில் என்னை அழ வைத்த ஆண் அவர்தான்.

நைட்_ட்யூட்டி:

அக்கா, அந்த நாலைந்து அத்தியாயம் அலைகிற கதைகளின் பெயரை மட்டும் இங்கே போடுங்கள். அடுத்த வாரமும் எனக்கு நைட்தான். நெக்லஸ் வந்தால் பக்க மூலையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுத்தான் திருப்பித் தருவேன்.