புதுப்பிப்பு: டிரம்ஸுக்கு உயிர் வந்துவிட்டது

என் பீட்டில் (நான் செய்யும் தாள இசையில்) டிரம்ஸ் மரக்கட்டை மாதிரி ஒலிக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். தட்டல்களைத் தாளக் கட்டத்தில் தானாகப் பொருத்தும் குவாண்டைஸை அணைக்கச் சொன்னீர்கள். அணைத்தேன். மூன்று இரவு ஒரே குளறுபடி. நான்காவது இரவு, வீடு தூங்கிய பிறகு, ஹை-ஹாட் சிம்பல் ஒலியை விரலாலேயே தட்டினேன். ஸ்னேர் டிரம் தாளத்துக்கு மயிரிழை முன்னால், கிக் டிரம் மயிரிழை பின்னால். தலை தானாக ஆடியது! டெட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா எம்பிசி 3000 என்ற பீட் இயந்திரத்தில் இப்படித்தான் கையால் தட்டினார். அந்தப் பெட்டி இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருக்கத்தானே வேண்டும்.

அப்புறம், 33 வேக ரெக்கார்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு வேகத்தைக் குறைத்தேன். ஒலித் துண்டுகளைப் பதியும் எஸ்பி-1200 இயந்திரத்தில் 10 நொடிதான் இடம் என்பதால் பிறந்த பழைய வழி; வேகமாக ஓடினால் அதே ஒலி குறைந்த நொடியில் அடங்கும். பியானோவில் மணல் உரசுவது போல ஒரு கரகரப்பு வந்தது. விடியும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.