பாலாற்றோர மணல் தரையில் இரட்டைக் குழி கழிப்பறை: கிணறு 25 அடியில் இருக்கு

கரையோரம்:
பள்ளிகொண்டா பக்கம், வெறும் மணல் தரை. வீட்டில் 5 பேர். குடிக்கிற கிணறு, குழி வெட்டும் இடத்திலிருந்து 25 அடி. மழைக்காலத்தில் 8 அடியிலேயே தண்ணீர் நிற்கும். மேஸ்திரி "ரெண்டு குழி எதுக்கு, ஆழமா ஒண்ணு போட்டா பத்து வருஷம் தாங்கும்" என்கிறார். கேட்கலாமா?

ஈரச்செங்கல்:
கேட்காதீங்க சார். ஆழக் குழி மழையில் நேரா ஊற்றுநீரில் உட்கார்ந்துவிடும். அது நிறைந்தால் பச்சை மலத்தைத்தான் அள்ளணும். ஆளை இறக்கி அள்ள வைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். 5 பேருக்கு மூன்றரை அடி விட்டம், 4 அடி ஆழம் போதும், ஒரு குழி மூணு வருஷம் போல வரும், நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் 1 மீட்டர் விடுங்க. சுவரில் சந்து விட்டுக் கட்டணும், அடியில் காங்கிரீட் போடக்கூடாது. காற்றுக் குழாயும் வேண்டாம், வாயுவை மண்ணே இழுத்துக்கொள்ளும்.

கல்லுக்கட்டு:
அடிக் காங்கிரீட் விஷயம் சாதாரண மண்ணுக்குச் சரி, ஆற்று மணலுக்கு ஆகாது. அங்கே அழுக்குத் தண்ணீர் வடிகட்டாமலே ஓடிவிடும். குழியைச் சுற்றி ஒன்றரை அடி கூடுதலாக வெட்டி, மாவு மாதிரி நைஸ் மணல் நிரப்பி, அடியை அடைத்துவிடணும். செங்கல் சந்தும் அரை அங்குலம் போதும். இரண்டு அங்குலம் விட்டால் மணல் உள்ளே சரியும்.

கிணறு கணக்கு: 8 அடியில் தண்ணீர், 4 அடியில் குழியின் அடிப்பாகம். இடைவெளி 2 மீட்டர் இல்லாததால் 10 மீட்டர், அதாவது 33 அடி தள்ளியே ஆகணும். 25 அடி பத்தாதுங்க.

ஈரச்செங்கல்:
ஆமாங்க, மணலை நான் யோசிக்கல.

மூடிக்கல்:
பாதிப் பேர் கோட்டை விடுவது பிரிப்புத் தொட்டியில், அதாவது கழிவை ஏதாவது ஒரு குழிக்குத் திருப்பிவிடும் சின்னத் தொட்டியில். மூடியைத் தூக்கினால் இரண்டு வாயும் திறந்தே கிடக்கும்! இரண்டும் ஒண்ணா நிறைந்தால் இரட்டைக் குழி போட்டதே தண்டம். ஒரு வாயைச் செங்கல் வைத்துக் களிமண் பூசி அடையுங்க. மாற்றின தேதியை மூடியிலேயே கீறி வையுங்க. நிறைந்த குழி இரண்டு வருஷம் ஆறினால் உள்ளே இருப்பது மக்கி, வாடையில்லாத கருப்பு எரு. குளியல் தண்ணீரை மட்டும் உள்ளே விடாதீங்க, வாழைக்குத் திருப்புங்க.