ஏடிஎஸ்எல் (டெலிபோன் கம்பியில் இன்டர்நெட்): ஒரு லைனுக்கு எல்2 பவர் சேவ் போட்டால் பக்கத்து லைன் விழுகிறது. ஏன்?

தொண்டிக்கரை:

தொண்டிக்குத் தெற்கே எங்களுக்கு இறால் பண்ணை. ரோட்டோர ஆபீசிலிருந்து குளக்கரை வழியாக ஒரு பழைய பத்து ஜோடி ஜெல்லி கேபிள் (உள்ளே ஜெல்லி நிரப்பிய டெலிபோன் கேபிள்) கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது, அந்தக் காலத்தில் இன்டர்காமுக்குப் போட்டது. ஒரு லாட்ஜில் கழித்துப் போட்ட எட்டு போர்ட் ஏடிஎஸ்எல்2+ டிஎஸ்லாம் (பல மோடம் லைன்களை ஒரே இடத்தில் சேர்க்கும் பெட்டி) கிடைத்தது, அதை ஆபீசில் வைத்தேன். முதல் ஜோடி கடைசிக் குளத்துக் காவல் கொட்டகைக்குப் போகிறது. அங்கே கேமராவும் மோடமும் இருக்கின்றன. கரண்ட் கிடையாது, சோலார், 12 வோல்ட் பேட்டரி, சின்ன இன்வெர்ட்டர். இரண்டாவது ஜோடி ஏரேட்டர் பேனல் அறைக்கு. ஆக்சிஜன் மீட்டர் அதில்தான்.

கொட்டகை பேட்டரி விடிவதற்குள் படுத்துவிடுகிறது. டிஎஸ்லாம் மெனுவில் பவர் மேனேஜ்மென்ட் என்று பார்த்து முதல் போர்ட்டுக்கு எல்2 ஆன் செய்தேன். பேட்டரியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ராத்திரியில் இரண்டாவது லைன் விழுந்து விழுந்து எழுகிறது. விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்குகிற நேரம் மீட்டர் காணாமல் போனால் என்ன ஆகும் என்று வனாமி இறால் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு போர்ட்டில் கை வைத்தால் இன்னொன்று ஏன் விழ வேண்டும்?

மண்டபம்_நெட்:

இந்தக் காலத்தில் எதற்கு சார் செம்பு? வயர்லெஸ் பிரிட்ஜ் ரெண்டு வாங்கி மாட்டுங்கள், முடிந்தது.

தொண்டிக்கரை:

நடுவில் முழுக்கக் கருவேலங்காடு. உயரமாகக் கம்பம் நட வேண்டும், அதுவும் அதே பேட்டரியைத்தான் தின்னும்.

செம்புக்கம்பி:

தம்பி, நீங்கள் ஆன் செய்த எல்2 உங்கள் பேட்டரிக்கு உண்டானதே இல்லை. 2002ல் ஏடிஎஸ்எல்2 வந்தபோது (ஜி.992.3) மூன்று நிலை வைத்தார்கள். எல்0 முழு ஓட்டம். எல்3 தூக்கம், லைனில் சிக்னலே இருக்காது. எல்2 இடைப்பட்டது: கீழே இறங்குகிற டேட்டா குறைந்தால் டிஎஸ்லாம் தன் பவரைக் குறைத்துக்கொள்ளும். டவுன்ஸ்ட்ரீமுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. கொட்டகை மோடம் மேலே அனுப்புகிற பவர் அப்படியேதான் இருக்கும். ஆக, மிச்சம் பிடிப்பது ஆபீஸ் பக்கம், ஈபி கரண்ட் இருக்கிற பக்கம்.

அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. நான் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது ஏசி நின்றால் டிஎஸ்லாம் ரேக் பக்கம் போக முடியாது, அவ்வளவு அனல். ஏடிஎஸ்எல்2+ல் 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 512 டோன் (தனித்தனி அலைகள்), 2.208 மெகாஹெர்ட்ஸ் வரை. அத்தனையும் எப்போதாவது ஒரே சமயத்தில் உச்சத்துக்கு ஏறும். அந்த உச்சத்தை வெட்டாமல் விட வேண்டும் என்பதற்காக லைன் டிரைவர், அதாவது சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபையர், எப்போதும் முழுத் தயாராக நிற்கும். லைனில் போவது 100 மில்லிவாட் அளவுதான், டிரைவர் இழுப்பது அதைப்போலப் பல மடங்கு, மீதியெல்லாம் சூடு. 1999ல் வந்த முதல் ஏடிஎஸ்எல்லில் யாரும் எதையும் இறக்காவிட்டாலும் வெறும் நிரப்பலை அதே பவரில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வீணைக் குறைக்க வந்ததுதான் எல்2.

இப்போது உங்கள் இரண்டாவது லைன். ஒரே கேபிளில் ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்ததில் கசியும். கசிவு ஒரே அளவில் இருந்தால் தொந்தரவில்லை. மோடம் டிரெய்ன் ஆகும்போது, அதாவது இணைப்பைத் தொடங்கும்போது, டோன் டோனாக இரைச்சலை அளந்து, தாங்குகிற அளவுக்குப் பிட் ஏற்றும், ஒரு டோனில் 15 பிட் வரை. முதல் லைன் எல்2ல் அடங்கிக் கிடக்கும்போது இரண்டாவது மோடம் டிரெய்ன் ஆனால், கேபிள் சுத்தம் என்று நம்பி நிறைய ஏற்றிவிடும். அப்புறம் முதல் லைனில் யாராவது பெரிதாக எதையாவது இறக்கினால் அது கண் இமைப்பதற்குள் எல்0வுக்குப் பாயும். இரண்டாவதின் மார்ஜின் (இரைச்சல் கூடினால் தாங்க விட்டுவைத்த இடைவெளி) காலி, பிழை குவியும், லைன் விழுந்து ரீடிரெய்ன். பல ஆபரேட்டர்கள் எல்2வை அணைத்தே வைத்ததற்கு இதுதான் காரணம். ஒருவர் மிச்சம் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு விலை கொடுப்பார்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கொட்டகை மோடத்தில் வைஃபை ஓடுகிறதா? ராத்திரி யார் வீடியோ பார்க்கிறார்கள்? அப்புறம், வழியில் எத்தனை ஜாயிண்ட்? நல்ல ஜெல்லி கேபிள் ஒரு கிலோமீட்டரில் இவ்வளவு கசியாது. எங்கோ ஜோடி பிரிந்திருக்கும் என்று சந்தேகம்.

தொண்டிக்கரை:

அண்ணே, காவலுக்கு இருப்பவர் ராத்திரி போனில் படம் பார்ப்பது உண்மை. கேபிளில் இரண்டு இடத்தில் பாக்ஸ் இருக்கிறது. இரண்டையும் இன்று திறந்தேன். உப்புக் காற்றில் முனையெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. வெறும் முறுக்கு, மேலே டேப். முதல் பாக்சில் நீல ஜோடியின் வெள்ளையும் ஆரஞ்சு ஜோடியின் வெள்ளையும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டாவது பாக்சில் மறுபடி மாற்றிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். மல்டிமீட்டரில் தொடர்ச்சி சரியாகத்தான் காட்டுகிறது.

செம்புக்கம்பி:

காட்டும். இரண்டு முனையும் சரியாகவே இருக்கும், நடுவில் முறுக்கு மட்டும் போயிருக்கும். ஒரு ஜோடியின் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சுற்றி ஓடுவதால்தான் கசிவு அடங்குகிறது. உங்கள் இரண்டு பாக்சுக்கும் இடையில் நீலமும் ஆரஞ்சும் வேறு வேறு வெள்ளையோடு குடும்பம் நடத்துகின்றன. வெள்ளை எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் இது நடப்பதுதான்.

பச்சை பூத்ததை வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரிந்த பிறகு, வெள்ளையை அதனதன் ஜோடியிலேயே வைத்து, ஜெல் நிரம்பிய யூஒய் கனெக்டரில் (கம்பி இணைக்கும் சின்ன அமுக்கு மூடி) அமுக்குங்கள். இரண்டு பாக்சையும் ஒரே மூச்சில் முடியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனால் இரண்டு லைனும் இருக்காது.

எல்2வை அணையுங்கள். இரண்டாவது போர்ட்டின் டார்கெட் மார்ஜின் 6 டெசிபெல் இருந்தால் 12 ஆக்குங்கள். 3 டெசிபெல்லுக்கு டோனுக்கு ஒரு பிட் போகும், போகட்டும். ஆக்சிஜன் மீட்டர் என்ன படமா அனுப்பப் போகிறது?

பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் இன்வெர்ட்டர். 12ஐ 230 ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி 12 ஆக்குகிறது, இரண்டு இடத்திலும் நஷ்டம். மோடம் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் நேரே டிசி கொடுக்கலாம். ஆனால் வெறுமனே இணைக்காதீர்கள், வெயிலில் சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 தொடும். பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டே தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்று, பேட்டரி முனையில் ஒரு ஃபியூஸ்.

கீழக்கரை_ஈசிஇ:

சேர்த்துச் சொல்கிறேன். 2014ல் வந்த ஜி.ஃபாஸ்டில் (ஜி.9701, செம்புக் கம்பிக்கான அதிவேக முறை) அனுப்ப ஒன்றும் இல்லாத சிம்பல் நேரங்களில் (சிக்னலின் சின்னச் சின்ன நேரத் துண்டுகள்) சும்மா இருக்கலாம், இரண்டு பக்கமும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது என்றே தனியாக ஒரு எல்2 நிலையும் உண்டு. ஆனால் ஒரு கிலோமீட்டர் அதற்குத் தாங்காது.

ஆக்சிஜன் அளவை மட்டும் அனுப்ப என்பி-ஐஓடி (செல்போன் டவர் வழியாகச் சென்சார்கள் சிறிதளவு டேட்டா அனுப்பும் முறை) யோசிக்கலாம். 180 கிலோஹெர்ட்ஸ்தான், அதில் சென்சார் ஒரே ஒரு டோனில் பேசலாம். ஒற்றை டோனில் அண்ணன் சொன்ன உச்சப் பிரச்சினையே இல்லை, ஆம்ப்ளிஃபையர் சிக்கனமாக ஓடும். பிஎஸ்எம் (பவர் சேவிங் மோட்) நிலையில் தூங்குகிற சென்சாரை நீங்கள் எழுப்ப முடியாது, ஆனால் அலாரம் என்றால் அதுவாக எழுந்து அனுப்பும். கவரேஜ் இருக்கிறதா என்று குளக்கரையிலேயே நின்று பாருங்கள்.

தொண்டிக்கரை:

நன்றி. ஒரு சின்ன சந்தேகம். வைஃபையை நிறுத்தினால் காவல்கார அண்ணன் சண்டைக்கு வருவார். அவர் படம் பார்த்தால் மறுபடி விழாதே?

செம்புக்கம்பி:

பார்க்கட்டும். முதல் லைன் எல்0விலேயே நின்றால் அவர் பார்த்தாலும் தூங்கினாலும் கசிவு ஒன்றுதான். ஜாயிண்ட் முடித்து, எல்2 அணைத்து, முதல் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மோடத்தை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அப்போதுதான் உண்மையான இரைச்சலை அளந்து புதிதாகப் பிட் ஏற்றும்.