ஆய்வுக் கப்பலுக்குத் திரும்பிவர எரிபொருள் வேண்டாமாம்!

கிளமெண்டி_கேப்டன்:
பகடை_ராஜா போன வாரம் இங்கே டிராவலர் என்ற விண்வெளிப் பகடை ஆட்டத்துக்காக 400 டன் ஆய்வு விண்கப்பல் ஒன்றை வரைந்து போட்டிருந்தார். படம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'ஒரு ஜம்புக்கு எரிபொருள் போதும். போகிற இடத்தில் வாயுக்கோள் இருக்கும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.' (ஜம்ப் என்றால் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவல். வாயுக்கோள் என்றால் வியாழன் மாதிரி வாயுவால் ஆன கோள், அதிலிருக்கும் ஹைட்ரஜன்தான் கப்பலுக்கு எரிபொருள்.) அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வுக் கப்பல் போவதே யாரும் போகாத இடத்துக்கு. அங்கே வாயுக்கோள் இருக்கிறது என்று இவர் காதில் வந்து சொன்னது யார்? மாமியார் வீட்டுக்குப் போகிறவன்கூடத் திரும்பிவர ஈஸிலிங்க் பேருந்து அட்டையில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான்.

ஆட்டம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது 1977ல் வந்த விளையாட்டு. இதில் டன் என்பது எடை அல்ல, ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடம். ஏறக்குறைய 14 கனமீட்டர். ஒரு பார்செக் (ஏறக்குறைய மூன்றேகால் ஒளியாண்டு) தாண்ட, கப்பலில் பத்தில் ஒரு பங்கு எரிபொருளுக்கே போய்விடும். இரண்டு பார்செக் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 400 டன் கப்பலுக்கு 80 டன். நான் கேட்பது இன்னொரு 80 டன். அவ்வளவுதான்.

பகடை_ராஜா:
'அவ்வளவுதான்'! அண்ணே, உங்கள் கணக்குப்படி 160 டன் தொட்டிக்கே சரி. அந்த இன்னொரு 80 டன்னில் நான் என்ன வைத்திருக்கிறேன் என்று பார்த்தீர்களா? 30 டன்னுக்கு ஒரு படகு. அறைக்கு நாலு டன் வீதம் ஐந்து அறை. மிச்சத்தில் ஆய்வுக்கூடமும் கோள்களில் இறக்கிவிடும் கருவிகளும். உங்களுக்கு வேண்டியது ஆய்வுக் கப்பலா, எண்ணெய்க் கப்பலா?

விதிப்புத்தகத்தையும் கொஞ்சம் புரட்டுங்கள். இரண்டு பகடை உருட்டி 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் வாயுக்கோள் உண்டு. 36ல் 30. ஆறு இடத்துக்குப் போனால் ஐந்து இடத்தில் இருக்கும்.

கிளமெண்டி_கேப்டன்:
சரி, ஆறில் ஐந்து. ஆறாவது இடத்தில் என்ன செய்வீர்கள் தம்பி? கையைத் தட்டிக் கூப்பிடுவீர்களா?

ஆறில் ஐந்தைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். தொடர்ந்து பத்து இடம் போய், பத்திலும் வாயுக்கோள் கிடைக்க வாய்ப்பு 16 விழுக்காடு. நூறு கப்பல் அனுப்பினால் எண்பத்து நாலு கப்பல் எங்கோ ஓரிடத்தில் தொட்டி காலியாக நிற்கும். அதற்குள் ஐந்து அறை, ஆய்வுக்கூடம், எல்லாம் ஜோராக இருக்கும்.

உலகத்திலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் துறைமுகமான சிங்கப்பூரில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஈஸ்ட் கோஸ்ட் மணலில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கப்பல்தான். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் எங்கே போனாலும் கிடைக்கும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலாப்பித்தன்:
ஒரு சின்னக் கேள்வி. இது புது இடம் தேடிப் போகும் கப்பலா, ஏற்கெனவே தெரிந்த இடத்தை அளந்து வரைபடம் போடும் கப்பலா? இரண்டுக்கும் தேவை வேறு. தேடிப் போவதற்குத் தூரம் முக்கியம். அளக்கப் போவதற்கு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கும் வசதி முக்கியம். முதலில் அதைப் பேசி முடித்தால் பாதிச் சண்டை தீரும்.

இன்னொன்று. நிஜ வானத்தில் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீன் இருக்கிறது. 40 ஒளியாண்டு தூரம்தான். 2017ல் அங்கே ஏழு கோள் என்று அறிவித்தார்கள். ஏழும் பூமி அளவுள்ள பாறைக்கோள்கள். வாயுக்கோள் எதுவும் இதுவரை தென்படவில்லை. ஆனால் வெளிக்கோள்களில் பனி இருக்கலாம். ஆட்டத்தில் தண்ணீரிலிருந்தும் ஹைட்ரஜன் எடுக்க விதி உண்டு.

பகடை_ராஜா:
அப்படிச் சொல்லுங்கள்! தண்ணீர்! வாயுக்கோள் இல்லாவிட்டால் பனி. பனி இல்லாவிட்டால் கடல். கேப்டன் அண்ணனுக்கு மட்டும் எல்லா இடமும் பாலைவனம்.

கிளமெண்டி_கேப்டன்:
'இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார் நிலாப்பித்தன். படித்தீர்களா? 'இருக்கலாம்.' இருக்கலாம் என்பதைத் தொட்டியில் ஊற்றி எந்த இயந்திரமும் ஓடாது. டிராப்பிஸ்ட்டில் வாயுக்கோள் கிடையாது, அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு 80 டன்.

பொங்கோல்_பிரியா:
இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 'நிரப்பிக்கொள்ளலாம்' என்று ராஜா அண்ணன் சொல்வது என்னமோ குழாயடியில் குடம் வைக்கிற மாதிரி இருக்கிறது. 1995 டிசம்பர் 7ஆம் தேதி கலிலியோ விண்கலம் வியாழனுக்குள் ஒரு கருவியை இறக்கியது. உள்ளே நுழைந்த வேகம் நொடிக்கு 47 கிலோமீட்டர். கருவியின் மொத்த எடை 339 கிலோ, அதில் வெப்பக் கவசம் மட்டும் 152 கிலோ. கவசத்தில் 80 கிலோ போல எரிந்தே போய்விட்டது. ஒரு மணி நேரம் போலத் தாக்குப்பிடித்தது, அதோடு பேச்சு நின்றது. உங்கள் கப்பல் அதே இடத்தில் வாயைத் திறந்துகொண்டு பறக்கப்போகிறது.

பகடை_ராஜா:
பிரியா, அது இயந்திரம் இல்லாமல் கல் மாதிரி விழுந்தது. என் கப்பலில் 2ஜி இயந்திரம் இருக்கிறது, பூமியின் ஈர்ப்பைப்போல் இரண்டு மடங்கு தள்ளும். மெதுவாக இறங்கும், அந்தரத்தில் நிற்கும், நிரப்பும், ஏறும்.

பொங்கோல்_பிரியா:
வியாழனின் மேகத்துக்கு மேலே ஈர்ப்பு ஏறக்குறைய 2.5ஜி. உங்கள் 2ஜி இயந்திரம் அங்கே நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். வேகமாக வெட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. அப்போது கவசத்தைப் பற்றிப் பேசலாம்.

பகடை_ராஜா:
சனியில் 1ஜிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நான் சனி மாதிரிக் கோளாகப் பார்த்து இறங்குவேன்.

பொங்கோல்_பிரியா:
சனி ஆளைத் தேடி வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சனியைத் தேடிப் போகும் முதல் ஆள் நீங்கள்தான்.

ஈசூன்_வாசி:
😂😂 ஏழரை வருஷத்துக்கு அப்புறம் வாங்க அண்ணே.

அது கிடக்கட்டும், இந்தக் கப்பலில் பீரங்கி எங்கே? 400 டன்னுக்கு நாலு துப்பாக்கிக் கூண்டு வைக்கலாம். ஒன்றுகூட இல்லை. கடற்கொள்ளைக்காரன் வந்தால் ஆய்வுக்கூடத்தை எடுத்து எறிவதா?

பகடை_ராஜா:
ஈசூன், 1872ல் பிரிட்டிஷ்காரர்கள் சேலஞ்சர் என்ற போர்க்கப்பலைக் கடலாய்வுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்த 17 பீரங்கிகளில் இரண்டைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். நாலு வருஷம் கழித்து 1876ல் திரும்பி வந்தது. நடுவில் மரியானா பள்ளத்துப் பக்கம் கயிறு விட்டு 8,000 மீட்டருக்கு மேல் ஆழம் அளந்தது. ஆய்வுக்கூடம்தான் முக்கியம் என்று 150 வருஷத்துக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது. இங்கேதான் ஒருவருக்கு இன்னும் தொட்டி ஆசை விடவில்லை.

கிளமெண்டி_கேப்டன்:
என்னை 'ஒருவர்' என்கிறார். பெயர் சொல்ல வாய் வரவில்லை.

சேலஞ்சர் பெரும்பாலும் பாய்மரத்தில் ஓடியது தம்பி. நீராவியை அளக்கும் வேலைக்கும் அடி மண் வாரும் வேலைக்கும்தான் எடுத்தார்கள். அவர்களுக்குக் காற்று சும்மா கிடைத்தது. உங்கள் 400 டன்னில் பாய்மரம் எங்கே கட்டியிருக்கிறீர்கள்? படத்தில் தேடிப் பார்த்தேன், காணோம். பீரங்கியை எடுத்தார்கள் என்று ஆசையாகச் சொல்கிறீர்களே, திரும்பி வரும் வழியை எடுத்தார்களா?

நேரக் கணக்கையும் போடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வியாழன் அளவுள்ள கோளின் விட்டம் சுமார் 143,000 கிலோமீட்டர். அதைப்போல் நூறு மடங்கு தள்ளிப் போனால்தான் பத்திரமாக ஜம்ப் அடிக்கலாம். 2ஜியில் பாதி வழி வேகம் கூட்டி, பாதி வழி குறைத்து இறங்கினால் ஒரு வழிக்கு மட்டும் 15 மணி நேரம். ஏறவும் அதே கணக்கு. யாராவது துரத்தினால் இந்த முப்பது மணி நேரமும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பறக்க வேண்டும். என் கப்பல் அந்தக் கோளின் பக்கமே போகாது. வந்த இடத்திலேயே திரும்பி அடுத்த ஜம்ப்.

நிலாப்பித்தன்:
சரக்கறையில் மடக்குத் தொட்டி வைத்தால் என்ன? போகும்போது எரிபொருள், திரும்பும்போது மாதிரிப் பாறைகள். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

(தேடும் கப்பலா, அளக்கும் கப்பலா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.)

கிளமெண்டி_கேப்டன்:
மடக்குத் தொட்டியெல்லாம் சமாளிப்பு. ஐந்து அறை எதற்கு என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஓர் அறைக்கு இரண்டு பேர் படுத்தால் எட்டு டன் மிச்சம்.

பகடை_ராஜா:
எப்போது கேட்டீர்கள்? மேலே போய்ப் பாருங்கள், கேட்கவே இல்லை. ஒரு ஜம்புக்கு ஒரு வாரம் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். விஞ்ஞானிகளைத் தேசிய சேவை முகாம் மாதிரி அடுக்குக் கட்டிலில் போடுவீர்களா?

ஈசூன்_வாசி:
முகாமில் நான் படுத்த அறையில் பன்னிரண்டு பேர். யாரும் சாகவில்லை.

கேப்டனுக்கு இவ்வளவு சூடு ஏன் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் சமயத்தில் சமூக மன்றத்தில் ஆடினோமே, ராஜாதான் நடுவர். கேப்டன் கப்பல் ஓரிடத்துக்குப் போனது. வாயுக்கோள் உண்டா என்று ராஜா உருட்டினார். 11 விழுந்தது. கப்பல் அங்கேயே நின்றது. ஆட்டத்தில் கேப்டனின் பாத்திரம் பட்டினியால் போய்ச் சேர்ந்தது.

கிளமெண்டி_கேப்டன்:
உருட்டினாராம்! ஒரு பகடை மேசைக்குக் கீழே விழுந்தது. நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கிடந்ததைக் குனிந்து பார்த்து 'ஆறு' என்றார். அவரைத் தவிர யார் பார்த்தது? கீழே விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். எந்த ஊரிலும் அதுதான் முறை.

பகடை_ராஜா:
எந்த ஊரில்? விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கம்? பிரியாவும் பார்த்தாள்.

பொங்கோல்_பிரியா:
நான் முறுக்கு எடுக்கப் போயிருந்தேன். என்னை இழுக்காதீர்கள்.

கிளமெண்டி_கேப்டன்:
கேட்டீர்களா? சாட்சி முறுக்கு எடுக்கப் போயிருக்கிறது.

பகடை_ராஜா:
சனிக்கிழமை நீங்களே நடுவராக இருங்கள் அண்ணே. இரண்டு பகடையையும் நூல் கட்டி உருட்டுங்கள்.

கிளமெண்டி_கேப்டன்:
நடுவராக இருப்பேன். உங்கள் கப்பலைத்தான் முதலில் அனுப்புவேன்.

ஈசூன்_வாசி:
போன தடவை அறை வாடகைக்கு நான் போட்ட காசே இன்னும் வரவில்லை. ஆளுக்குப் பத்து வெள்ளி.

பகடை_ராஜா:
நான் அன்றைக்கே கேப்டன் கையில் கொடுத்துவிட்டேன்.

கிளமெண்டி_கேப்டன்:
என் கையிலா? அதையும் மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள்.