பாலித் தீவுக்கு முதல் பயணம்: சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் என்ன செய்வது?

கீழக்கரை மாப்பிள்ளை:
அஸ்ஸலாமு அலைக்கும், மற்றவர்களுக்கு வணக்கம். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. மார்ச்சில் நானும் மனைவியும் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஆறு நாள் பாலிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். வெளிநாடு என்றால் எனக்குத் துபாய் மட்டும்தான், அதுவும் வேலைக்கு. இந்தோனேசியா முஸ்லிம் நாடுதானே என்று நினைத்து டிக்கெட் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பாலியில் மட்டும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இந்துக்கள் என்று தெரிந்தது. அதில் எனக்கு ஒன்றுமில்லை, ராமேஸ்வரத்துக்கும் உத்தரகோசமங்கைக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். கவலை சோற்றைப் பற்றித்தான். அங்கே விசேஷச் சாப்பாடே பன்றி என்கிறார்கள், மனைவியோ ஹலால் என்று உறுதியாகத் தெரியாமல் தட்டில் கை வைக்க மாட்டாள். "புதுப்பொண்ணக் கூட்டிக்கிட்டு அங்க போறியே, வக்துக்குத் தொழ எடம் இருக்குமா?" என்று உம்மாவும் தினம் கேட்கிறார்கள். ஹிஜாபைப் பார்த்து யாராவது ஒரு மாதிரி நடந்துகொள்வார்களா என்பதும் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி காக்கா:
வஅலைக்கும் ஸலாம் தம்பி. பாலியில் ஒரு இந்திய உணவகத்தில் மூன்று வருடம் சமையல் வேலை பார்த்தேன், அதனால் சோற்றைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் 'பாபி' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பன்றி என்று அர்த்தம். பாபி குலிங் என்பது முழுப் பன்றிக்குட்டியைச் சுட்டுக் கொடுப்பது, பலகையிலேயே எழுதியிருப்பதால் ஒதுங்கிவிடலாம். ஏமாந்துபோகிற இடம் நாசி சாம்புர். வெள்ளைச் சோற்றைச் சுற்றி நாலைந்து கறி வைத்துத் தருவார்கள். நான் போன புதிதில் ஒரு கடையில் 'ஆயாம்', அதாவது கோழி மட்டும் என்று சொல்லி வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் மேலே தூவியிருந்த மொறுமொறுப்பு பன்றித்தோல் என்று தெரிந்தது. கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்கு அது கறி கணக்கிலேயே சேராது. அன்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. லாவார் என்று காய்கறி, தேங்காய் கலந்த ஒரு பதார்த்தம் உண்டு, அதில் பல இடங்களில் ரத்தமும் சேர்ப்பார்கள், தொடவே வேண்டாம்.

இதற்கெல்லாம் பயந்து பிஸ்கட் மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். 'வாருங் முஸ்லிம்' என்று பலகை போட்ட சாப்பாட்டுக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு, ஜாவாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நடத்துகிறார்கள். 'மாசாகான் பாடாங்' என்றிருந்தால் மேற்குச் சுமத்திராக்காரர்கள் சமையல், ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி அங்கே கிடைக்கும், நம் நாக்குக்கு ஒத்துவரும். ஜிம்பாரான் கடற்கரையில் மீனைத் தேங்காய் மட்டைத் தணலில் சுட்டுத் தருவார்கள், அங்கேயும் எந்த எண்ணெய் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்வாடி லாத்தா:
தம்பி, போன வருடம் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளோடு போனோம். ஹிஜாபை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஏர்போர்ட்டிலும் கடைகளிலும் வேலை செய்கிற பெண்களில் எத்தனையோ பேர் அதே கோலத்தில்தான் இருக்கிறார்கள். தங்குவதற்கு நுசா துவா பக்கம் பாருங்கள். அங்கே பூஜா மண்டலா என்ற இடத்தில் பள்ளிவாசல், இரண்டு சர்ச், புத்த விகாரம், இந்துக் கோயில் ஐந்தும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பள்ளியின் பெயர் இப்னு பதூதா, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அங்கே போகலாம். வழியில் வக்து வந்துவிட்டால் 'முஷோல்லா' என்று கேளுங்கள், பெட்ரோல் பங்க்கிலும் பெரிய கடைகளிலும் தொழ ஓர் அறை இருக்கும். இந்தோனேசியாவில் பெரும்பாலும் நம்மைப் போல ஷாஃபி மத்ஹபு, அதாவது ஷாஃபி சட்ட வழி, தொழும்போது முகம் திருப்புகிற கிப்லா திசையும் நம்மூர் மாதிரியே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்துதான். ஒரே ஊரில் நாலு நாள் முழுசாகத் தங்க நிய்யத் (எண்ணம்) வைத்தால் கஸ்ர், அதாவது பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை, கிடையாது, அதை மட்டும் போகும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், செல்போனை நம்பி சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

மண்டபம் முகாம்:
இவ்வளவு விசாரிப்புக்குப் பக்கத்துத் தீவு லொம்போக்குக்கே போய்விடலாமே. அங்கே முஸ்லிம்கள்தான் அதிகம், கடலும் அதே கடல்.

பாம்பன்காரன்:
அது நல்ல தீவுதான், ஆனால் அவர் கேட்டது பாலியைப் பற்றி. நான் இந்து, நண்பர்களோடு போய் வந்தேன். நடைபாதையில், கடை வாசலில், படிக்கட்டில் எல்லாம் சின்ன ஓலைத்தட்டில் பூவும் அரிசியும் வைத்திருப்பார்கள். சானாங் சாரி என்று பெயர், தினமும் வைக்கிற படையல். மிதித்துவிடாமல் நடந்தால் போதும், நீங்கள் கும்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கோயில் வளாகத்துக்குள் போனால் இடுப்பில் கைலி மாதிரி சாரோங் கட்டச் சொல்வார்கள், நம் மாவட்டத்து ஆளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே போக மனமில்லை என்றால் உலுவாட்டு கோயில் பக்கத்துப் பாறை மேல் சாயங்காலம் நடக்கிற கெச்சாக் ஆட்டத்தை மட்டும் பாருங்கள், தனி அரங்கம். அனுமார் இலங்கையை எரிக்கிற கதை, தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அங்கே குரங்கு பறித்துவிடாமல் கண்ணாடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்ள, முக்கியமான விஷயம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மார்ச்சில்தான் நியெப்பி வரும், அவர்களுடைய சக ஆண்டுப் பிறப்பு. அன்று 24 மணி நேரம் விளக்கு எரியாது, கடை திறக்காது, விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள், வெளியூர்க்காரரும் ஹோட்டலை விட்டு வெளியே வரக்கூடாது. அந்த நாளில் டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இறங்கியதும் விசாவுக்கு 5 லட்சம் ரூப்பியா (இந்தோனேசியப் பணம், நம் ரூபாய் இல்லை), அதைத் தவிர 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனியாக 1.5 லட்சம் ரூப்பியா சுற்றுலாக் கட்டணம்.

கீழக்கரை மாப்பிள்ளை:
ஜஸாக்கல்லாஹ் காக்கா, லாத்தா. பாம்பன் அண்ணன், நீங்கள் சொன்ன பிறகு காலண்டரைப் பார்த்தேன், நான் எடுக்க இருந்த தேதிக்கு நடுவிலேயே நியெப்பி வருகிறது, ஏப்ரலுக்கு மாற்றிவிட்டேன். லாத்தா எழுதியதை உம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். பள்ளியின் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். அப்புறம், அங்கேயும் நம்மூர் இனிப்பான தொதல் உண்டு, பெயரும் 'டோடோல்'தான் என்று மனைவி எங்கேயோ படித்திருக்கிறாள். ஹலால் முத்திரை போட்டது எந்தக் கடையில் கிடைக்கும் காக்கா?